ஸ்ரனிஸ்லாஸின் பன்னிரண்டாவது சுற்று

இக்காஸ்ட் நகரத்துப் பின்னல் தொழிற்சாலையில் வேலைசெய்த ஸ்ரனிஸ்லாஸ், யாழ்ப்பாணத்தில் பதினொரு வருசம் வாடகைக் கார் ஓடியவர். ஒரேயொருமுறை மாட்டோடு முட்டினார். அதுவும் மாட்டின் பிழை என்பார். டென்மார்க்கில் அவரை நூற்கட்டை தள்ளும் வண்டிலுக்குத்தான் சாரதியாக்கினார்கள்.

1986இல் மொழிப்பள்ளியில், யாராவது ஒருவரைப் பற்றி வாசித்துவந்து சொல்லச் சொன்னார்கள். மற்றவர்களெல்லாம் மகாராணியைப் பிடித்துக்கொள்ள, இவர் வெண்டெல் ஸ்கொட் என்ற அமெரிக்கக் கறுப்பரைப் பிடித்தார். தன் பந்தயக் காரைத் தானே கழற்றிப் பூட்டி ஓடிய மனிதர். 1963இல் முதலாவதாக வந்தும் வெற்றிக் கொடி அவருக்கு விழவில்லை. கோப்பை வேறொருவரோடு போனது. சுற்று எண்ணியதில் பிழை என்று சில மணித்தியாலம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பை மட்டும் அவரிடம் வரவேயில்லை. சொல்லி முடித்ததும் ஸ்ரனிஸ்லாஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். சளித் தடிமன் என்று சமாளித்தார்.

அந்தத் தடிமன் மாறவில்லை. ஒரு பழைய காரைத் தேடிப் பிடித்து, ஸ்கொட்டின் நம்பரான 34ஐத் கூட்டுகிற தும்புத்தடி போன்ற தூரிகையால் கதவில் எழுதினார். நாலு கொஞ்சம் குடித்ததுபோலச் சாய்ந்திருந்தது. ஊருக்கு வெளியே கிறவல் மண் தோண்டிய குழியில் நடந்த பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்தார். அதே பந்தயத்தில் ஓடவிருந்த துணி வெட்டும் மேசைக்காரன் பிறிபென், அந்தக் கார் பால் ஏற்றத்தான் சரி என்று சொல்லித் தொழிற்சாலையையே சிரிக்கவைத்தான். திங்கட்கிழமை கோப்பையைத் தேநீர் மேசையில் வைக்காவிட்டால் பாருங்கள் என்று ஸ்ரனிஸ்லாஸ் எல்லோருக்கும் முன்னால் சவால் விட்டார்.

பதினைந்து நிமிடத்தில் அதிகம் சுற்றியவருக்குக் கோப்பை. ஸ்கொட்டுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடக் கூடாதென்று, மனைவி தவமணியைக் குடையோடு நிறுத்தி, செபமாலையில் எண்ணச் சொன்னார். சுற்றுக்கு ஒரு மணி.

நல்ல மழை. நடுவர் சுற்றெண்ணிய தாளில் கடைசி வரி 34ஆம் காருடையது. அந்த வரி மட்டும் கரைந்து போனது. பிறிபெனின் சிவப்பு வொல்வோ பதினொன்றரைச் சுற்று. செபமாலை பன்னிரண்டு என்றது. நடுவர் தொப்பியைக் கழற்றிச் செபமாலைக்கு மரியாதை செய்துவிட்டு, கோப்பையை ஸ்ரனிஸ்லாசிடம் கொடுத்தார். அவர் அதைச் சேட்டுக்குள் வைத்து மழையிலிருந்து காப்பாற்றினார்.

காருக்குள் ஏறியதும் தவமணி மாலையைத் திரும்ப உருட்டினாள்.

"இஞ்சேருங்கோ. பத்துச் சின்ன மணி முடிய ஒரு பெரிய மணி வருமெல்லே."

"ஓம், அது பரலோக மந்திரத்துக்கு."

"அதையும் ஒரு சுற்றெண்டு உருட்டிப்போட்டன்."

ஸ்ரனிஸ்லாஸ் வயிற்றிலிருந்த கோப்பையைத் தடவிப் பார்த்தார். பதினொன்று. அரைச் சுற்றுக் குறைவு.

"ஆருக்கும் தெரியாதப்பா," என்றாள் அவள், அவருக்காக.

"கதவிலை 34 எண்டு எழுதிப்போட்டு இதை என்னெண்டு வீட்டை கொண்டுபோறது?"

சேற்றைக் கடந்துபோய் பிறிபெனிடம் கோப்பையை நீட்டினார். பெரிய மணி ஒரு செபம், சுற்று அல்ல என்று தெரிந்த டெனிஷில் விளக்கினார். காருக்குள் இருந்து கும்பிட்டுக்கொண்டே ஓடினாரா என்று பிறிபென் கேட்டான். தன் பிரேக்குக்கு வேறு வழியில்லை என்றார் இவர். ஆள்மாறிப்போன கோப்பை, இருபது நிமிடத்தில் உரியவனிடம் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை பிறிபென் அதைத் தேநீர் மேசையில், ஸ்ரனிஸ்லாசின் கதிரைக்கு நேரே வைத்து, அதற்குள் சீனிக்கட்டி போட்டிருந்தான். பால்வண்டி என்று யாரும் வாய்திறக்கவில்லை.

அடுத்த பந்தயத்துக்குச் சுற்று எண்ண நடுவர் தவமணியையே கூப்பிட்டார். போனாள். பெரிய மணிகளிலெல்லாம் தொழிற்சாலையின் சிவப்பு நூல் கட்டியிருந்தது.