கிளீட்டு ஓட்டையில நாலு தீக்குச்சி

பந்தியில பாதி எலையில எந்திரிச்சுப் போயிட்டியே மச்சான், நான் அப்பிடி என்ன புதுசா சொல்லிட்டேன்? நாப்பது வருசமா சொல்ற அதே கததான… "மெட்ராஸ்ல படகக் கவுத்த வீரன்"னு. நேத்து உன் புது மருமவன்கூட சிரிச்சான். உனக்குத்தான் சுருக்குனு ஏறிடுச்சு.

சரி, கம்பைநல்லூர்ல உன் வூட்ல ஒக்காந்து இதப் படி. நான் அஞ்சாவதோட நின்னவன், எழுத வராது. பேசப் பேச இந்த போனே எழுதிக்குது. பக்கத்துல உங்கக்கா மொச்ச உரிச்சுக்கிட்டிருக்கா.

நம்ம குடும்ப குரூப்புல இருக்கற மத்தவங்களுக்குச் சொல்றேன்… எனக்குக் கல்யாணமான புதுசுல நானும் இவனும் மெட்ராஸ்ல ஒரு பாய்ப்படகு கிளப்புல ரிப்பேர் வேல பாத்தோம். படகு ஒட்டற ரெசின் வாசன இன்னும் மூக்குல நிக்குது. ஃபைபர் தூசு பட்டா ரெண்டு நாளைக்கு அரிக்கும்.

மச்சான் பொறுப்புல ஒரு சின்னப் படகு. மேல்தட்டுல பாய்க்கயிறு கட்டற கிளீட்டு லூசாயிடுச்சு. ஸ்குரூ சும்மா சுத்துது, புடிக்கல.

"மாமா, உள்ள தண்ணி எறங்கி கட்ட ஊறிப்போச்சு. ஓட்டைய சுத்தம் பண்ணி ரெசின் ஊத்தி, அடியில பிளேட்டு குடுத்து போல்ட்டு போடணும். அவசரப்படாதீங்க" அப்பிடின்னான்.

ரெசின் காய ஒரு நாள் ஆவும். எனக்கு அன்னிக்கே லீவுல ஊருக்குப் போவ மொரப்பூர் ரயில் புடிக்கணும். கதவு கீல் லூசானா வூட்ல என்ன பண்ணுவோம்? அதத்தான் பண்ணுனேன். ஓட்டையில நாலு தீக்குச்சி, கொஞ்சம் பசை, அதே ஸ்குரூ. ஆட்டிப் பாத்தேன்… அசையல. "போல்ட்டு போட்டாச்சுடா"ன்னு இவன்கிட்ட சொல்லிட்டு ஓடிட்டேன். நம்பிட்டான்.

லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு நல்ல காத்து. கிளீட்டு புடுங்கிக்கிச்சு, படகு கவுந்துச்சு, ஓட்டுனவருக்குக் கை முறிஞ்சுது. மேனேஜர் ஓட்டைய நோண்டுனாரு, தீக்குச்சி வந்துச்சு. யாரு வேல இதுன்னாரு.

என் வாய் சும்மா இருக்குமா…

"எங்க மச்சான் கை வெச்சா தீக்குச்சியும் போல்ட்டாயிடுங்க"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜர் சிரிக்கல. அன்னிக்கே மச்சானுக்கு வேல போச்சு.

அவன் என்னையப் பாத்தான். அக்கா வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டான். அத வசதியா வெச்சுக்கிட்டு, விசேசத்துக்கு விசேசம் அவனையே சிரிப்பாக்குனேன்.

அப்பல்லாம் நான் வாயத் தொறந்தா பந்தியே சிரிக்கும். இப்ப அந்தப் பாதி எலதான் கண்ணுல நிக்குது. பின்கதவு கீல் ஆடுது… தீக்குச்சி எடுக்கக் கை போவல.

மொச்ச உரிக்கற சத்தம் நின்னுடுச்சு.

"அப்ப… தீக்குச்சி வெச்சது நீங்களா?"

முறத்த வெச்சுட்டு செருப்பு மாட்டறா. ஏ புள்ள, கம்பைநல்லூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, நில்லு… அன்னிக்கு ரயிலுக்கு எதுக்கு ஓடுனேன்னு கேட்டியா? கல்யாணமாயி மூணு மாசம், உன்னையப் பாக்கத்தான்…

ஏ, இன்னும் முடிக்கலடி…