நாற்பதாவது பெயர்

சுங்கைப்பட்டாணியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தனியார் இடைநிலைப்பள்ளி. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே அலுவலக எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். மூன்றாம் படிவத் தேர்வில் தவறி, அரசாங்கப் பள்ளி கைகழுவிவிட்ட பிள்ளைகள்தான் எங்கள் மாணவர்கள். அதைப் பள்ளி என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

முதல்வர் ஆள் பிடிப்பதில் சூரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் தேவாலய வாசலில் நிற்பார். வெள்ளிக்கிழமை நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டக் கோவில்களில் நிற்பார். தோற்ற பிள்ளையின் தகப்பனைக் கண்டால் தோளில் கை போட்டுவிடுவார். கர்த்தரும் முருகனும் அவருக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கங்காணிகள், அவ்வளவுதான்.

இப்படித் திரட்டியும் நாற்பது பேர்தான். அதற்குக் கீழே போனால் அனுமதி போய்விடும் என்று அவருக்குப் பயம். கல்வி அலுவலகப் பாரத்தில் எண்ணிக்கையை இனவாரியாக எழுத வேண்டும். இந்தியர் கட்டம் நிரம்பி வழியும். சீனர் ஐந்து பேர், மலாய்க்காரர் இரண்டு பேர், 'மற்றவர்' கட்டத்துக்கு ஒரு சயாமியப் பையன். அந்த ஒருவனைக் காட்டியே, நாடே தன்னிடம் படிப்பதாக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். அவருடைய சொந்த மகன் பினாங்கில் படித்தான். அவனை மட்டும் எந்தக் கட்டத்திலும் சேர்க்கவில்லை.

சிடாம் கிரியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் ஒருத்தி இருந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டுகிறவர் மகள். மறுபடி எழுதிய தேர்வில் தேறிவிட்டாள். அலோர் ஸ்டாரில் அரசாங்கத் தொழிற்பள்ளியில், தங்கும் விடுதியோடு இடமும் கிடைத்தது. எங்களிடமிருந்து 'சூராட்' என்கிற விலகல் கடிதம் மட்டும் வேண்டும். முதல்வர் தரவில்லை. அவள் போனால் முப்பத்தொன்பது.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும்லா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அவள் தினமும் என் மேசைக்கு வந்து நின்றாள். கடைசியாக வந்த அன்று கெஞ்சக்கூட இல்லை.

"நாளைக்குள்ள சூராட் குடுக்கலைன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கக்கா."

பள்ளி முத்திரை என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. பெற்றோருக்குப் போகும் கடிதங்களில் முதல்வரின் கையெழுத்தை நானே போட்டுப் பழகியிருந்தேன். ஒரு தாளைத் தட்டச்சு செய்து முத்திரை குத்த ஐந்து நிமிடம் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன். சாரைப் போய்ப் பார் என்றேன். சார் அன்று ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். முதல்வர் அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார், பாரத்தோடு ஒப்பிட்டார், கோப்பி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் முதல்வர் பெரிய மனசு பண்ணிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதை வாங்க அவள் வரவில்லை. அம்மாவோடு மரம் வெட்டப் போய்விட்டாள் என்று அதே தோட்டத்துப் பையன் சொன்னான்.

வருகைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுக்காதே என்றார் முதல்வர். நானும் எடுக்கவில்லை. அந்த ஆண்டு முடியும்வரை, அவள் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலை வேளைகளில், அவள் பெயருக்கு நேரே வந்ததாகக் குறி போட்டேன். அது பொய்தான். அதை எழுத மட்டும் எனக்குப் பயமே வரவில்லை.