பரசோரோலோபஸின் கொண்டையும் அக்காவின் கையும்

அக்காவின் மகளுக்கு வாற ஆவணியில் கலியாணம். "நான் மணவறைப் பக்கம் வரமாட்டன், குசினியிலை நிக்கிறன்" என்று அக்கா ஒரே பிடி. சண்டைக்காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்து இரண்டு காதும் போன ஆள். போன வருசம் ஒரு கலியாணத்தில் கெட்டிமேளம் கேட்காமல், எல்லாரும் பொம்பிளை மாப்பிளைக்கு அறுகரிசி போட்டு முடிந்த பிறகு இவா தனியாகப் போட்டாவாம். முன்னுக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம். அதற்காகப் பெற்ற தாய் அடுப்படிக்குள்ளா? எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். கத்தியும் பிரயோசனமில்லை, அவாவுக்குக் கேட்காதே!

முதலில் ஆளை வீட்டை விட்டு வெளியே எடுப்போம் என்று நினைத்தேன். உருத்திரபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதி சயன்ஸ் ரீச்சர். கண்காட்சிக்கு டைனோசர் தலை செய்து படம் அனுப்பியிருந்தா. அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "உது தாராவின்ரை வாயெல்லே?" என்றா. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: தாரா என்றால் வாத்து. அக்கா வீட்டில் இருபது தாரா நிற்கிறது. "வந்து பார்" என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். வந்துவிட்டா.

வியாழக்கிழமை காலை 7.10க்கு உடையார்கட்டில் பஸ் ஏறினோம். கிளிநொச்சிக்கு ஒரு மணி பத்து நிமிடம், ஆளுக்கு 150 ரூபா. வலப்பக்கம் இருங்கள். பரந்தனில் திரும்பினதும் இடப்பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். கிளிநொச்சியிலிருந்து ஓட்டோ, எட்டு கிலோமீற்றர்.

"கிடங்கு றோட்டு அக்கா, ஆயிரம் தாங்கோ" என்றார் ஓட்டோக்காரர்.

"கிடங்கைக் காட்டினால் தாறன்" என்றேன். றோட்டில் ஒரு குழியும் இல்லை, தார் போட்ட நல்ல காப்பெற் றோட்டு. எண்ணூறோடு சிரித்துக்கொண்டு போனார்.

தலை சயன்ஸ் அறையின் நடுவில் மேசை மேல் இருந்தது. சீமெந்துப் பேப்பரும் பசையும் வைத்துச் செய்தது. பரசோரோலோபஸ் என்று பெயர். ஏழரைக் கோடி வருசத்துக்கு முந்தின, இலை தின்னும் விலங்கு. பஸ்ஸளவு உடம்பு. இரண்டு காலிலும் நடக்குமாம், நாலு காலிலும் நடக்குமாம். பின்மண்டையிலிருந்து ஆள் உயரத்துக்கு நீண்ட கொண்டை.

அக்கா நேரே வாய்க்குள் விரலை விட்டா. "தாராவுக்குப் பல்லேது? பிழையாச் செய்திருக்கிறியள்."

ரீச்சர் சிரித்தா. "முன்சொண்டிலை பல்லில்லை அக்கா. உள்ளுக்கை நூற்றுக்கணக்கிலை, அடுக்கடுக்கா. தேயத் தேயப் புதுசு வரும்." ரீச்சர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதிக் காட்டினேன்.

"அப்ப உந்தக் கொண்டை? தண்ணிக்குள்ளை தலை தாழ்க்கேக்கை மூச்சு விடவோ?"

"முந்திப் படிச்ச ஆக்களும் அப்பிடித்தான் நினைச்சவை. ஆனா நுனியிலை ஓட்டையில்லை. மூக்கிலை இருந்து குழாய் மேலை போய், வளைஞ்சு, திரும்பி வருகுது. கூப்பிடத்தான். குட்டிக்குக் கொண்டை சின்னன், கீச்சுக் குரல். தாயின்ரை சத்தம் கனதூரம் போகுமாம்."

ரீச்சர் கொண்டைக்குள் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற நாலங்குலக் குழாயை வளைத்து வைத்திருந்தா. மூக்கில் புனல். ஊதிக் காட்டினா. முதல் தரம் வெறும் புஸ். இரண்டாம் தரமும் புஸ். அக்கா அதைக் கவனிக்கவில்லை, கொண்டை எலும்பு மாதிரி இருக்கிறதா என்று தட்டித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றா. மூன்றாம் தரம் சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம், அலுமாரிக் கண்ணாடி கடகடத்தது.

அக்கா சுட்டது போலக் கையை எடுத்தா. பிறகு மெல்லத் திரும்ப வைத்தா.

"எடியே, இது கூப்பிடுது! கையுக்கை வருகுது!" தன் குரல் எவ்வளவு பெரிசென்று அவாவுக்குத் தெரியாது. கண்காட்சி பார்க்க வந்த சனம் முழுக்கத் திரும்பியது. "ரீச்சர், இன்னொருக்கா ஊதுங்கோ!"

ரீச்சர் முகம் சிவக்கச் சிவக்கப் பதினொரு தரம் ஊதினா. அக்கா ஒரு கையைக் கொண்டையிலும் மற்றதைத் தன் நெஞ்சிலும் வைத்துக்கொண்டு நின்றா. நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: கண்காட்சி முடிந்துவிட்டது, தலை அங்கேதான் இருக்கிறது. அதிபரிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு போங்கள். பக்கத்தில் கடையில்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள், கொண்டையில் கை வையுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விசுவமடு தாண்டினதும் அக்கா என் தோளைத் தட்டினா. பிறகு பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னா: "தாலி கட்டேக்கை என்னைத் தவில்காரருக்குப் பக்கத்திலை விடு. தவிலிலை கை வைக்க விடுவினமோ எண்டு கேள்."

வீட்டுக்கு வந்ததும் தவில்காரருக்குப் போன் எடுத்தேன். அக்கா கேட்டதைச் சொன்னேன்.

"கை வைக்கத் தேவையில்லைப் பிள்ளை, பக்கத்திலை இருந்தாலே நெஞ்சிலை அடிக்கும். எனக்குப் பக்கத்திலை ஒரு கதிரை போடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கதிரைக்குச் சொல்லியாச்சு.