முகாமுக்கு ஒரு விடுப்புக் கடிதம்

ஆடி பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை அது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் பள்ளிச் சுவரில் படம் வரைய, அடிவாரத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் ஓவியரை மாமா தினமும் தன் ஜீப்பில் அழைத்து வந்தார். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்காகக் கடல் வரையச் சொன்னவர் தலைமையாசிரியர். அதில் படகைச் சேர்த்தது ஓவியர். படகு நிறைய ஆட்கள். ஒருவருக்கும் முகம் இல்லை.

"இன்னாங்க, என் ஜீப்புல ஏத்தறத விட ஜாஸ்தியா கீது?" என்றார் மாமா.

"உங்கட ஜீப் தாழாது, அண்ணை. படகு தாழும்."



படகின் முனையில் இருந்த சிறுமிக்கு என் முகத்தை வைப்பதாக ஓவியர் சொல்லியிருந்தார். எப்போது என்று கேட்டால் தினமும் நாளைக்கு என்பார். அந்த வியாழனன்று மூன்று மணிக்கே தூரிகைகளைக் கழுவத் தொடங்கிவிட்டார். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளாம். ஆறு மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்பில் எடுக்கும் வருகைப் பதிவுதான். ஒருநாள் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? ஜீப் சாவியை எடுத்துப் பலாமரப் பொந்தில் போட்டுவிட்டேன்.

இருவரும் தேடினார்கள். ஊரின் மற்ற ஜீப்புகள் சந்தைக்குப் போயிருந்தன. நான் தூரிகையை நீட்டினேன்.

"இண்டைக்குக் கை ஓடாது, பிள்ளை," என்று சொல்லிவிட்டு, சாலைக்கும் ஜீப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். மாமா ஒயர்களை இணைத்து வண்டியைக் கிளப்பியபோது ஐந்தரை மணி. மலையிறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மறுநாள் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போய்வந்த மாமா அம்மாவிடம் சொன்னார்:

"இனிமே அவர மேல வுட மாட்டாங்களாம். சாவி தொலஞ்சிச்சின்னா யாரும் நம்பல. எல்லாரும் சொல்ற கததானேன்றாங்க."

நான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, முகாம் அதிகாரிக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று முறையாகத் தொடங்கி, காரணத்துக்குக் காய்ச்சல் என்று போட்டேன். பாதி பயம், மீதி, காய்ச்சலைவிட நல்ல காரணம் உலகத்தில் இல்லை என்ற நம்பிக்கை. எங்கள் வகுப்பில் அது எப்போதும் செல்லும்.

மாமா படித்தார். சிரிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாவி காணாமல் போனது உண்மை என்று சொல்ல ஓவியருக்கு வேண்டியிருந்தது ஒரு சாட்சி. அந்தச் சாட்சி எதிரில் நின்று, கடிதத்தை மறக்காமல் கொடுத்துவிடும்படி மாமாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.