இடது பக்கம் மட்டும் இரண்டு கம்பிகள்

இன்று காலை பஞ்சர் ஒட்டப் போன கடையில் எப்போதோ விற்றுவிட்ட என் பழைய சைக்கிளைப் பார்த்தேன்.

எழுபதுகளில் அரக்கோணத்தில் ஒருவர் குழாய்களைப் பற்றவைத்து எனக்கென்றே செய்து கொடுத்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கு விடுமுறை விட்டால் நானும் மனைவி சரோஜாவும் அதில் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி வரை போவோம்.

பெயின்ட் மாறியிருந்தது. ஆனால் பின்சக்கரத்தின் இடது பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். கேரியரில் புடவையோடு ஒருபக்கமாக உட்காருபவர் கால் வைக்க நான் போடச் சொன்னவை.

அதை வாங்கியிருந்த இளைஞர் புதுச்சேரிக்கு ஓட்டிப் போகிறாராம்.

"ரெண்டு பக்கமும் பை மாட்டணும் சார். அந்தக் கம்பிங்கள அறுக்கச் சொல்லிட்டேன்."

"வேணாம் தம்பி" என்று கம்பிகளின் கதையைச் சொன்னேன். ரயிலில் மேல் பெர்த்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் எப்படி வலிக்கும் தெரியும்தானே என்று உதாரணமும் சொன்னேன்.

அவர் யோசித்தார். "அம்மாவையே கேளுங்க சார். அவங்க வேணும்னா விட்டுடறேன்."

சரோஜாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆங், அந்தக் கம்பியா? தாராளமா அறுக்கச் சொல்லுங்க. நீங்க மட்டும் போயி உங்க காலுக்கு அளவு குடுத்துட்டு வந்தீங்க. எனக்கு எட்டவே இல்ல. திருப்பதி வரைக்கும் தொங்கப்போட்டுகினுதான் வந்தேன்."

"அப்பவே சொல்றதுதானே?"

"மேட்டுக்கு மேடு 'கால் சௌகரியமா இருக்குதா'ன்னு கேட்டுகினே மிதிச்சீங்க. இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

கம்பிகளை அறுத்தாகிவிட்டது.

நீங்கள் ஆசையாகச் செய்து கொடுத்த ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கும். உண்மையிலேயே உபயோகப்பட்டதா என்று கேட்டுப் பார்த்து இங்கே எழுதுங்கள். நான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.