சிவப்புக் குடையும் நாலு பேக்கரியும்

ஆறு வயதுவரை நான் அம்மா கையைத் தவிர வேறு யார் கையிலும் ஒரு வாய் வாங்கியவளில்லை. அம்மா பிசைந்து உருட்டித் தந்தால்தான் வாய் திறக்கும். அப்பா ஊட்டினால் துப்புவேன், நீயே அள்ளித் தின்னு என்றால் தட்டைத் தள்ளுவேன். எங்கள் தீவுக் கிராமமான சௌல்தாரியில், சுற்றியிருந்த பெங்காலி வீடுகள்வரை இந்தப் புகழ் பரவியிருந்தது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று அம்மாவைத்தான் எல்லோரும் சொன்னார்கள். கெட்டுப்போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ இரண்டு கப்பலைத் தவறவிட்டாள். நான் பட்டினி கிடந்து செத்துப்போவேன் என்ற பயம் அவளுக்கு. மூன்றாவது கப்பலுக்கு அவளைச் சம்மதிக்க வைத்தவர் சித்தப்பா. அவர் டவுனில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் தனிக்கட்டையாக இருந்த குமாஸ்தா. அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதெல்லாம் பிற்பாடு கேட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா அப்பாவோடு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள், நான் சித்தப்பாவோடு டவுன் பார்க்கப் போகிறேன்.

மத்தியானம் சித்தப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பினோம். சித்தப்பா கையில், பக்கத்து வீட்டு அம்மாளிடம் இரவல் வாங்கிய பூப்போட்ட சிவப்புக் குடை. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. எதிரே வந்த ஆபீஸ்காரர் ஒருவர், "க்யா பாபு, பாரிஷ் கிதர் ஹை?" என்று மழையைத் தேடுகிறவர்போல அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். சித்தப்பாவும் அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தார்.

முதல் கடை ஒரு மலையாளியுடையது. அடுப்புச் சூடும் வெண்ணெய் வாசனையும் தெருவிலேயே வந்து எங்களைப் பிடித்துக்கொண்டன. சித்தப்பா க்ரீம் பன்னைப் பிய்த்து என் வாயருகே நீட்டினார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"பாப்பா, இதைத் தின்னாத்தான் அடுத்த கடை. இன்னும் மூணு கடை இருக்கு."

மூன்று கடைகள்! சௌல்தாரியில் அப்போது ஒரு கடைகூடக் கிடையாது. எனக்கு அவற்றையெல்லாம் பார்த்தாக வேண்டும். வாயையும் திறக்க மாட்டேன். துண்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். சித்தப்பா காசு கொடுக்கத் திரும்பியபோது அதைக் கவுன் பைக்குள் அமுக்கிவிட்டு, சும்மா மென்றேன். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ராத்திரி அம்மா கையால் வாங்கித் தின்றுகொள்ளலாம். இவ்வளவு புத்திசாலியான பிள்ளை தீவிலேயே கிடையாது என்று தோன்றியது.

அதன் பிறகு அந்த ஊர் மிதக்க ஆரம்பித்தது. பசியாக இருக்கலாம். மேடும் பள்ளமுமான ரோட்டில் ஏறி இறங்கும்போது மர வீடுகளும் அவற்றின் தகரக் கூரைகளும் கூடவே ஏறி இறங்கின. பெங்காலி கடையில் வண்ணத்துப்பூச்சி மாதிரி மடித்துச் சுட்ட பிஸ்கட், மேலே சர்க்கரை மினுங்கியது. அபர்தீன் பஜாரில் பாய் கடையில் வர்க்கி. பாய் என் கன்னத்தைத் தட்டி, "மெதுவாத் தின்னு கண்ணு, கடை எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். நாலாவது கடையில் ரஸ்க். எதையும் நான் ருசி பார்க்கவில்லை. ஆனால் நாலு கடையின் வாசனையையும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன்.

வெயில் சாயும்போது கடலோரச் சுவருக்கு வந்து சேர்ந்தோம். மெயின்லேண்ட் போகும் கப்பல் ராஸ் தீவுப் பக்கமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. யார் போனாலும் வந்தாலும் கப்பலைக் கண்டால் கை காட்டுவது எங்கள் தீவுப் பிள்ளைகளின் வழக்கம். நானும் காட்டினேன். சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சிவப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். கப்பல் ஊதியது. நான் குதித்துக் குதித்துக் கை காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். அம்மா அந்தக் கப்பலில் போய்விட்டாள் என்று சித்தப்பா சொன்னார். அழுத அழுகையைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அழுதபடியே தூங்கிப்போனேன். காலையில் என் கவுன் துவைத்துக் கொடியில் கிடந்தது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்கு இரண்டாம் நாளே பறந்தது. சித்தப்பா பிசைந்த குழைந்த சோற்றுக்கு வாயைத் திறந்தேன்.

நாலு மாதம் கழித்து அம்மா பிழைத்து வந்தாள். அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுக்கவே இல்லை.

"பிள்ளை என் கையில தின்னா குடையை விரிக்கிறேன், தின்னலேன்னா விரிக்க மாட்டேன் அண்ணின்னு சத்தியம் பண்ணினார். குடை மட்டும் விரியலேன்னா, மெட்ராஸ்ல எறங்குன கையோட அடுத்த கப்பல் ஏறியிருப்பேன். ஆபரேஷனாவது ஒண்ணாவது!"

சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவரை ஏமாற்றித்தான் அந்தக் குடையை விரிய வைத்தேன், என் பொய்யில்தான் அம்மா பிழைத்தாள் என்ற எண்ணம் எனக்குள் குற்றமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் வெகுகாலம் இருந்தது. அம்மாவும் சித்தப்பாவும் போய்ச் சேரும்வரை இருவரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

போன வருஷம் பேரனைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போயிருந்தேன். கடைப்பையன் க்ரீம் பன்னை எடுத்தான்.

"அது வேணாம்ப்பா," என்றேன். "இவன் தின்ன மாட்டான், பையில போட்டுக்குவான். க்ரீம் ஒட்டிக்கும். காய்ஞ்சதா ஏதாவது குடு."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். பிஸ்கட், வர்க்கி, ரஸ்க். முதல் கடைக்குப் பிறகு சித்தப்பா க்ரீம் வைத்த எதையும் வாங்கவே இல்லை.