தணிகாசலத்தின் ஆள்

மொட்டைமாடி ஒழுகலை அடைக்கிற தொழிலில், கை வேலையைவிட 'நான் இன்னார்' என்று சொல்லத் தெரிவதுதான் சோறு போடுகிறது. அதைச் சொல்லவிடாமல் முதலில் என் வாயை அடைத்தவன் தணிகாசலம். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று நாக்கு ஒட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மயிலாப்பூரில் ஒரு வார்த்தை

நானும் தணிகாசலமும் சரிபாதிக் கூட்டாளிகள். நான் ஓடு பதிப்பேன், அவன் பேசுவான். மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட் சங்கச் செயலாளர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார். கோதண்டம் என்று நான் சொல்வதற்குள் இவன் முந்திக்கொண்டு, நம்ம ஆள்தான் சார் என்றான். மறுக்காமல் நின்றேன்; அது என் தப்பு. மறுநாள் செயலாளர் மாடிக்கே ஏறி வந்து என்னிடம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை வேலை வேணாம்னு உன் ஓனர்கிட்ட சொல்லிடுப்பா."

தி.நகரில் ஒரு நிமிஷம்

பிரிந்து வந்தபின், தி.நகர் ஓட்டல் ஒன்றில் கட்டடத் தொழில் செய்கிறவர்கள் வேலை பிடிக்கக் கூடும் காலைக் கூட்டத்துக்குப் போனேன். தன்னைப் பற்றிச் சொல்ல ஆளுக்கு ஒரு நிமிஷம், பிறகு மணி அடித்துவிடுவார்கள். பெயர், தொழில், எந்த மாதிரி வேலை வேண்டும் என்று மருமகள் எழுதிக் கொடுத்த மூன்று வரியை மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்ததும் எல்லாம் மறந்து, 'நான் தணிகாசலத்தின் ஆள் இல்லை' என்று ஆரம்பித்தேன். அவன் செய்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது. என் பெயரைச் சொல்லவேயில்லை. இட்லி வரிசையில் ஒரு இன்ஜினியர் தோளைத் தொட்டார்:

"அண்ணே, அந்தத் தணிகாசலம் நம்பர் கொஞ்சம் தர்றீங்களா?"

அடையாறில் ஒரு மாடி

அடையாறு டாக்டரம்மா பன்னிரண்டு வீடு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அது கிடைத்தால் என் பெயர் நாலு இடத்தில் பேசப்படும். இந்தத் தடவை பெயரைத்தான் முதலில் சொன்னேன், கார்டும் கொடுத்தேன். அவர் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போய், இந்த மாதிரி வேலை வேண்டும் என்றார். ஆறு வருஷத்துக்கு முன், அவனோடு கூட்டாக இருந்தபோது, நான் முட்டி தேயப் பதித்த ஓடுகள். என் கை வேலைதாம்மா என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்:

"ஆமா, நீங்க தணிகாசலத்தோட ஆள்தானே? அவரையே வரச் சொல்லிடுங்களேன்."

வேலை அவனுக்கே போனது. போன மாதம் நங்கநல்லூர்க் கல்யாணம் ஒன்றில் அவனை மடக்கி, மாடி போட்டது கோதண்டம் என்று அந்தம்மாவிடம் ஒரே ஒரு வரி சொல் என்றேன். சொல்லிட்டாப் போச்சு நைனா என்றான்.

ஆறு மழைக்காலம் போயும் அந்த மாடி கசியவில்லை, தணிகாசலம் வாயிலிருந்து என் பெயரும் இன்னும் கசியவில்லை.